வண்டிக்கு சார்ஜ் எத்தனை மணிக்கு போடுறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல எலக்ட்ரிக் வண்டிய பத்தி ரெண்டு வாசகர் கடிதம் அடுத்தடுத்து வந்துச்சு. ஒருத்தர் இது ஜீரோ எமிஷன் வண்டி, புகையே கிடையாது, எல்லாரும் மாறணும்னு எழுதிருந்தாரு. இன்னொருத்தர் அதெல்லாம் சும்மா, நம்ம ஊர்ல கரன்ட்டே நிலக்கரிய எரிச்சுதான் வருது, அப்போ இது நிலக்கரி வண்டிதானேன்னு கேட்டிருந்தாரு. ரெண்டையும் படிச்சுட்டு எனக்கு கை சும்மா இருக்க மாட்டேங்குது. முப்பத்திரண்டு வருஷம் சப்ஸ்டேஷன்ல ஆபரேட்டரா ஷிப்ட் பார்த்தவன் நான், மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து லாக் புக்ல எழுதியே தலை நரைச்சவன். ரெண்டு பேரும் ஒண்ணு கேக்கவே இல்லையே, வண்டிய எத்தனை மணிக்கு பிளக்ல சொருகுறீங்கன்னு?

முதல்ல கணக்க முடிச்சுருவோம், ஏன்னா நிலக்கரி வண்டின்னு சொன்னவரு பாதி சரி. மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு கணக்கு போடுது, நாடு முழுக்க உற்பத்தியாகுற கரன்ட்ட மொத்தமா சேர்த்து பார்த்தா ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சோலார், காத்து, அணை, அணு எல்லாம் சேர்த்துதான் இந்த சராசரி. நிலக்கரில மட்டும் வர்ற யூனிட்டுன்னா ஒரு கிலோவுக்கு பக்கத்துல வந்துரும், 0.97ன்னு வச்சுக்கலாம், பழைய பவர் ஹவுஸ்னா இன்னும் கூட. நெய்வேலி பழுப்பு நிலக்கரி அதுக்கும் மேல, ஏன்னா அதுல ஈரம் ஜாஸ்தி. அந்தப்பக்கம் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ.

என் பையன் வாங்கின ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 33 கிலோமீட்டர் போகுது, நான் நோட்டு போட்டு எழுதி பார்த்தது (பழக்கம் விடமாட்டேங்குது). ஆனா பேட்டரிக்குள்ள ஒரு யூனிட் போய் சேரணும்னா பவர் ஹவுஸ்ல சுமாரா 1.3 யூனிட் கிளம்பணும், சார்ஜர் சூடாகுறதுல கொஞ்சம் போகும், கம்பியிலயும் டிரான்ஸ்பார்மர்லயும் கொஞ்சம் போகும். அப்போ 33 கிலோமீட்டருக்கு சராசரி கரன்ட்ல 0.94 கிலோ. முழுக்க முழுக்க நிலக்கரி கரன்ட்னே வச்சுக்கிட்டாலும் 1.26 கிலோ. லிட்டருக்கு 45 குடுக்குற பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 1.7 கிலோ விடுது. அதனால ஸ்கூட்டர் விஷயத்துல சண்டையே இல்ல, எந்த நேரத்துல சார்ஜ் போட்டாலும் பெட்ரோல விட கம்மிதான்.

கார் கதை வேற. எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும்னு வைங்க, ஏசி போட்டு சிட்டில ஓட்டினா அதுவே நல்ல கணக்கு. அதே 0.94 கிலோ இப்போ 7 கிலோமீட்டருக்கு. லிட்டருக்கு 15 குடுக்குற பெட்ரோல் கார் 7 கிலோமீட்டருக்கு 1.07. சராசரி கரன்ட்னா எலக்ட்ரிக் கார் மயிரிழைல ஜெயிக்குது. நிலக்கரி கரன்ட்னா 1.26, தோத்துருது. பெட்ரோல தோண்டி எடுத்து, சுத்திகரிச்சு, லாரில ஏத்தி பங்க் வரைக்கும் கொண்டு வர்றதுல ஆகுற புகையையும் சேர்த்தா பெட்ரோல் கணக்கு ஒரு அஞ்சுல ஒரு பங்கு ஏறி 1.28க்கு வந்துரும், அப்போ ரெண்டும் சமம். லிட்டருக்கு 22 குடுக்குற ஹைப்ரிட்னா ராத்திரி நிலக்கரில சார்ஜ் ஏத்தின எலக்ட்ரிக் கார விட தேவலாம். இத சொன்னா எலக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க என் மேல பாய்வாங்க, பாயட்டும், ரெண்டு டன் எடை இருக்குற வண்டில ஒரே ஒரு ஆள் உக்காந்து போய்ட்டு புகை இல்லைன்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கறது எனக்கு எப்பவுமே ஒட்டல.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். இந்த 0.72ங்கறது நாள் பூரா, வருஷம் பூரா சேர்த்து அடிச்ச சராசரி. ஆத்துல சராசரி ஆழம் மூணடின்னு நம்பி இறங்கின மாதிரி ஆயிரும். நீங்க சுவிட்ச் போட்ட அந்த நிமிஷம் உங்க யூனிட்டுக்காக எந்த பவர் ஹவுஸ் கூட கொஞ்சம் எரிக்குதுங்கறதுதான் விஷயம். சூரியன் நீங்க சார்ஜ் போடுறீங்கன்னு கூட கொஞ்சம் அடிக்காது. காத்தும் அப்படித்தான். கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் ரியாக்டர் ரெண்டும் ஓடுனா ஒரே லெவல்ல ஓடிக்கிட்டே இருக்கும், உங்களுக்காக ஏத்தி இறக்க மாட்டாங்க. லோடு கூடுச்சுன்னா லோடு டிஸ்பாட்ச்ல இருந்து, அதாவது யார் எவ்வளவு ஓட்டணும்னு சொல்ற கன்ட்ரோல் ரூம்ல இருந்து, போன் போறது வேற இடத்துக்கு, மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை நிலக்கரி பவர் ஹவுஸுக்கு. தண்ணி இருந்தா அணைல இருந்து கொஞ்சம், இல்லைன்னா கரன்ட் விக்கற சந்தையான பவர் எக்ஸ்சேஞ்ச்ல வாங்கணும், அங்கயும் ஏழு மணிக்கு விக்கறவன் பெரும்பாலும் நிலக்கரி வச்சிருக்கவன்தான்.

எங்க வீட்டையே எடுத்துக்கங்க. பையன் ஆபீஸ் விட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றான், ஹெல்மெட்ட கழட்டுறதுக்கு முன்னாடி சார்ஜர சொருகுறான். அதே நேரத்துல மருமக மிக்ஸி போடுறா, டிவி ஓடுது, ஏசி ஓடுது, தெரு விளக்கு எரியுது, கடைல போர்டு எரியுது. மதியம் பூரா ஆயிரக்கணக்கான மெகாவாட் குடுத்துக்கிட்டு இருந்த சோலார் ஏழு மணிக்குள்ள சுத்தமா பூஜ்யம். இறங்கின சோலாருக்கும் சேர்த்து, ஏறின லோடுக்கும் சேர்த்து, ரெண்டு மணி நேரத்துல பாய்லர் எல்லாம் மூச்சு வாங்க ஏறணும். நாள்ல மோசமான நேரம் எதுன்னு எந்த ஆபரேட்டர கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான், நம்ம வண்டி எல்லாம் வரிசையா நிக்குறதும் அந்த நேரத்துலதான். பவர் எக்ஸ்சேஞ்ச்ல யூனிட்டுக்கு 10 ரூபா உச்சவரம்பு வச்சிருக்காங்க, வெயில் காலத்துல சாயங்கால நேரத்துல விலை அந்த கூரைய போய் முட்டும், அதே நாள் மதியம் ரெண்டு மூணு ரூபாக்கு கேக்க ஆள் இருக்காது. 2025 மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே இறங்குச்சு.

ஒரு ஸ்கூட்டர் சார்ஜர் 700 வாட் இழுக்கும், ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுதான், பெரிய விஷயமா தெரியாது. பத்து லட்சம் ஸ்கூட்டர் ஒண்ணா இழுத்தா 700 மெகாவாட். 2024 மார்ச்ல வடசென்னை நிலக்கரி பவர் ஹவுஸ்ல திறந்தாங்களே மூணாவது ஸ்டேஜ், அது 800 மெகாவாட். ஒரு முழு பவர் ஹவுஸ கட்டி, கப்பல்ல நிலக்கரி இறக்கி, சாம்பல் குட்டைல சாம்பல கொட்டி, எல்லாம் எதுக்கு, ஏழு மணிக்கு பதிலா வேற நேரத்துல சொருகிருந்தா போதுமேன்னு நினைக்கறப்போ எனக்கு வயிறு எரியுது. எண்ணூர்க்காரங்கள கேட்டு பாருங்க அந்த சாம்பல பத்தி. தி.நகர்ல புகை குறைஞ்சுச்சுன்னு நாம சந்தோஷப்படுறது நியாயம்தான், ஆனா அதுல கொஞ்சம் அவங்க ஊருக்கு குடி போயிருக்கு.

சரி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல போடலாமேன்னு கேப்பீங்க. நல்லதுதான், ஆனா எதுக்கு நல்லதுன்னு பிரிச்சு பார்க்கணும். ராத்திரி லோடு கம்மி, அதனால டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும், பீக் அவர்ல ஜாஸ்தி விலைக்கு வாங்குறது மிச்சம். புகை கணக்குல பெருசா ஒண்ணும் மாறாது. கார்த்திகை மார்கழில ராத்திரி ரெண்டு மணிக்கு காத்தும் கிடையாது வெயிலும் கிடையாது, அப்போ ஏறுற யூனிட்டும் நிலக்கரிதான்.

ஆனா ஆடி மாசம் வேற கதை. நான் பாதி சர்வீஸ் தென்காசி பக்கம் பார்த்தவன், ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, செங்கோட்டை கணவாய் வழியாவும் ஆரல்வாய்மொழி வழியாவும் வர்ற காத்து ராத்திரி பகல் பார்க்காது. மே கடைசில தொடங்கி செப்டம்பர் வரைக்கும் முப்பந்தல், கயத்தாறு, அந்தப்பக்கம் உடுமலை, பல்லடம் வரைக்கும் காத்தாலை எல்லாம் நிக்காம சுத்தும். இப்போ தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 11 ஆயிரம் மெகாவாட்ட தாண்டியாச்சு. நல்ல காத்து அடிக்கற ராத்திரில லோடு கம்மியா இருந்தா என்ன ஆகும்னா, மேல இருந்து போன் வரும், பேக் டவுன் பண்ணுங்க (உற்பத்திய குறைங்கன்னு அர்த்தம்), காத்தாலைல இருந்து வர்ற அந்த பீடர் லைன நிறுத்துங்கன்னு. வெளில காத்து ஊளை விட்டுக்கிட்டு இருக்கும், ஜன்னல் கதவு படபடன்னு அடிக்கும், நான் உள்ள உக்காந்து பிரேக்கர டிரிப் பண்ணிட்டு டைம் எழுதி கையெழுத்து போடுவேன். சும்மா வர்ற கரன்ட்ட வேண்டாம்னு திருப்பி அனுப்புன மாதிரி இருக்கும். அப்போ எங்க பக்கம் ராத்திரி இழுக்கறதுக்கு ஒரு பத்தாயிரம் வண்டி இருந்திருந்தா அந்த யூனிட் எல்லாம் புகையே இல்லாத யூனிட். ஒரே பிளக்கு, ஒரே வண்டி, ஒரே ராத்திரி ரெண்டு மணி, ஆடில ஒரு கணக்கு, மார்கழில ஒரு கணக்கு.

இங்க ஒருத்தர் மடக்கலாம், எக்ஸ்ட்ரா காத்து கரன்ட்ட வெளி மாநிலத்துக்கு அனுப்பலாமேன்னு. அனுப்புறாங்கதான். 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கேவி லைன போட்டு தென்னாட்டு கிரிட்ட (மின்கம்பி வலைய) மத்த நாட்டோட சேர்த்தாங்க, அதுக்கப்புறம் இந்தியா பூரா ஒரே கிரிட், ஒரே பிரீக்வென்சி. லைன்ல இடம் இருக்குற வரைக்கும் நம்ம காத்து மகாராஷ்டிரால நிலக்கரிய குறைக்கும். அந்த நேரத்துல நீங்க இங்க இழுத்தா அங்க எரிப்பாங்க, அதுவும் சரிதான். நான் சொல்றது லைன் நிரம்பி, இல்ல வாங்க ஆள் இல்லாம, பேக் டவுன் பண்ற நேரத்த பத்தி. அப்படிப்பட்ட நேரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கிட்டு போகுது, இப்போ ராத்திரிய விட மதியம்தான் ஜாஸ்தி.

மதியம்னா சோலார். தமிழ்நாட்டுலயே 10 ஆயிரம் மெகாவாட் அளவுக்கு வந்துருச்சு, கமுதில 2016ல 648 மெகாவாட் போட்டப்போ எல்லாரும் வாய பொளந்தோம், இப்போ அது சாதாரணம். பகல்ல சோலார் ஏற ஏற நிலக்கரி பவர் ஹவுஸோட உற்பத்திய இறக்குவாங்க, ஆனா ஒரு அளவுக்குத்தான் இறக்க முடியும், இப்போதைக்கு முழு திறன்ல 55 சதவீதம்தான் தரை, 40க்கு கொண்டு வரணும்னு மத்திய ஆணையம் 2023ல ரெகுலேஷன் போட்டிருக்கு. மொத்தமா அணைச்சுட்டு சாயங்காலம் திரும்ப பத்த வைக்க அது கேஸ் அடுப்பு இல்லையே, குளிர்ந்த பாய்லர சூடாக்கவே மணிக்கணக்காகும். அதனால நிலக்கரி தரைய தொட்டுட்டா அப்புறம் வெட்டு விழறது சோலாருக்கு. அந்த நேரத்துல சொருகுற வண்டிக்கு யாரும் ஒரு கரண்டி நிலக்கரி கூட போட மாட்டாங்க. எல்லா மதியமும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா மதியம் இழுக்க ஆள் இருந்தாதான் இன்னும் சோலார் போடுறவன் தைரியமா போடுவான்.

கோயம்புத்தூர் ஜில்லால காடம்பாறைன்னு ஒரு பவர் ஹவுஸ் இருக்கு, மலைக்குள்ள குடைஞ்சு வச்சது, நூறு மெகாவாட் மெஷின் நாலு. கரன்ட் மிச்சம் இருக்கறப்போ கீழ் அணை தண்ணிய பம்ப் பண்ணி மேல ஏத்திருவாங்க, பீக் அவர்ல இறக்கி கரன்ட் எடுப்பாங்க. அந்த காலத்துல ராத்திரி ஏத்துவாங்க, ஏன்னா ராத்திரிதான் கரன்ட் மிச்சம் இருந்துச்சு. இந்த மாதிரி இன்னொண்ணு கட்டணும்னா மலைய குடையணும், காட்டுல ரோடு போடணும், வருஷக்கணக்கா ஆகும், நீலகிரில குந்தா திட்டமும் அப்படித்தான் இழுத்துச்சு. பத்து லட்சம் ஸ்கூட்டர சாயங்காலத்துல இருந்து மதியத்துக்கு நகத்துனா 700 மெகாவாட் நகருது, காடம்பாறைய விட பெருசு, ஒரு கல்ல கூட உடைக்க வேண்டாம்.

ஆனா மதியம் வண்டி எங்க இருக்கு? இதுதான் நான் இந்த லெட்டர் எழுதவே காரணம். மதியம் வண்டி ஸ்டேஷன் ஸ்டாண்டுல நிக்குது சார்! செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, தாம்பரம், அந்தப்பக்கம் ஆவடி, திருவள்ளூர்ன்னு எந்த ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு வேணா போய் பாருங்க, காலைல எட்டு மணிக்கு விட்டுட்டு ட்ரெயின் புடிச்சு போறவங்க சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் எடுக்கறாங்க. பதினோரு மணி நேரம் வண்டி வெயில்ல காயுது. அந்த வெயில்தான் கரன்ட்டு, வண்டிக்கும் வெயிலுக்கும் நடுவுல ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட் மட்டும் இல்ல. பாஸ்ட் சார்ஜர் எல்லாம் வேண்டாம், பத்து நிமிஷத்துல ஏத்தி என்ன பண்ண போறோம், வண்டிதான் நாள் பூரா சும்மா நிக்குதே, வீட்டுல போடுற அதே சார்ஜர், நாலு மணி நேரம் ஓடுனா போதும். ஸ்டாண்டு மேல தகரம் போட்டு அதுல பேனல் போட்டா வண்டிக்கு நிழலும் ஆச்சு, சீட்டும் சுடாது. இதே மாதிரி கம்பெனி பார்க்கிங், காலேஜ், கலெக்டர் ஆபீஸ் வாசல், எல்லாம் பகல்ல வண்டி தூங்குற இடம்தான். இன்னிக்கு சார்ஜிங் ஸ்டேஷன்னு எல்லாரும் ஹைவேஸ் ஓட்டல் வாசல்ல பெரிய பெரிய மெஷினா வைக்கறாங்க, அதுவும் வேணும், லாங் டிரைவ் போறவங்களுக்கு வேணும், ஆனா நம்ம ஊர் ரோட்டுல ஓடுற வண்டில பெரும்பாலும் ரெண்டு சக்கரம்.

என் பையன் ஆபீஸ்லயே இதுதான் கதை. ஆபீஸ் பேர் வேண்டாம். கீழ பார்க்கிங்ல ஒரு பிளக் பாயின்ட் கேட்டதுக்கு, கரன்ட் பில் யார் கட்டுறதுன்னு ஒரு மீட்டிங், பயர் சேப்டின்னு ஒரு மீட்டிங், அப்புறம் மெயில் போடுங்கன்னு சொல்லிருக்காங்க. ஒரு நாளைக்கு ஒண்ணரை யூனிட் ஆகும், ஆபீஸ் காபி மெஷின் அத விட ஜாஸ்தி குடிக்கும்.

விலைய பத்தியும் சொல்லணும். மத்திய அரசு 2023 ஜூன்ல மின் நுகர்வோர் உரிமை விதிய திருத்துச்சு, சூரிய நேரத்துல குறைஞ்ச ரேட், பீக் அவர்ல கூடுதல் ரேட்னு. 10 கிலோவாட்டுக்கு மேல வாங்குற தொழிற்சாலை, வணிகத்துக்கு 2024 ஏப்ரல்ல இருந்து, விவசாயம் தவிர மத்தவங்களுக்கு 2025 ஏப்ரல்ல இருந்துன்னு தேதியும் போட்டாங்க. ஆனா வீட்டுக்கு அது வரணும்னா ஸ்மார்ட் மீட்டர் வரணும். நம்ம வீட்டு மீட்டர் எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு சொல்லும், எப்போ ஓடுச்சுன்னு சொல்லாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வர்றவருக்கு என் பையன் ஏழு மணிக்கு போட்டானா மதியம் போட்டானான்னு எப்படி தெரியும்? ரெண்டுக்கும் ஒரே ஸ்லாப், ஒரே பில்லு. அப்போ அவன் எதுக்கு மாத்திக்கணும், அவன் மேல தப்பே இல்ல. ஸ்மார்ட் மீட்டர்னா பில் ஏறும்னு ஜனங்க பயப்படுறாங்க, அந்த பயம் எனக்கும் புரியுது, சாயங்காலம் லைட்டு பேன் போடுறவன் தலைல கை வைக்காம வண்டி சார்ஜுக்கு மட்டும் தனி மீட்டர், மதியம் நல்லா குறைச்ச ரேட்டுன்னு ஆரம்பிச்சா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

பஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 2025 ஜூன் 30ல வியாசர்பாடி டிப்போல 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, ஆகஸ்ட்ல பெரும்பாக்கத்துல இருந்து இன்னும் 135. நான் ஏறி பார்த்தேன், சத்தமே இல்ல, பின்னாடி நின்னவன் மூஞ்சில கரும்புகை இல்ல, அது ஒண்ணுக்கே வரவேற்கலாம். ஆனா பஸ் எடை ஜாஸ்தி, கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் கிட்ட தின்னும், கார்பன் கணக்கு கார் மாதிரியே இழுபறிதான். ராத்திரி டிப்போல நிக்கறப்போதான் முழு சார்ஜ் ஏத்த முடியும், அத மாத்த முடியாது. மதியம் கூட்டம் கம்மியா இருக்குற நேரத்துல டிப்போவுக்கு வர்ற பஸ்ஸுக்கு எல்லாம் அப்பவே முடிஞ்ச வரைக்கும் ஏத்திட்டா ராத்திரி சுமை குறையும், டைம் டேபிள் போடுறவங்க இத யோசிக்கணும்.

நார்வேல புது கார் பத்துல ஒம்பது எலக்ட்ரிக்னு யாராவது வாட்ஸ்அப்ல அனுப்பினா உடனே பார்வேர்டு பண்ணாதீங்க, அங்க கரன்ட் பெரும்பாலும் அணைல இருந்தும், மீதி காத்துல இருந்தும் வருது, எத்தனை மணிக்கு சொருகுனாலும் ஒண்ணுதான். நமக்கு அப்படி இல்ல.

கடைசியா உங்க பேப்பர்கிட்ட ஒரு வேண்டுகோள். தினமும் ஒரு மூலைல மேட்டூர் அணை நீர்மட்டம் போடுறீங்க, தங்கம் விலை போடுறீங்க. அதுக்கு பக்கத்துலயே ரெண்டே வரி, நேத்து தமிழ்நாட்டுல சோலார் எவ்வளவு வந்துச்சு, காத்து எவ்வளவு வந்துச்சு, சாயங்காலம் பீக் லோடு எவ்வளவுன்னு போட முடியுமா? நாட்டோட கிரிட்ட நடத்துற கிரிட் இந்தியாவோட தினசரி அறிக்கைல மாநிலம் வாரியா எல்லாம் இருக்கு, யாரும் போய் பார்க்கறது இல்ல, அவ்வளவுதான். 2024 மே 2ல நம்ம லோடு 20,830 மெகாவாட்டுக்கு போனப்போ மட்டும் எல்லா பேப்பரும் பெரிய எழுத்துல போட்டுச்சு, மத்த நாள் எல்லாம் கரன்ட்ட பத்தி செய்தின்னா அது போனாத்தான். அந்த ரெண்டு வரிய பார்த்தா என் பையனுக்கு காத்து சீசன் தொடங்கிருச்சான்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இப்போதைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பதினோரு மணிக்கு நானே போய் சார்ஜர சொருகி விட்டுருவேன், அவன் அப்போதான் எந்திரிச்சு பல்லு விளக்கிக்கிட்டு இருப்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சப்ஸ்டேஷன் ஆபரேட்டர்,
கூடுவாஞ்சேரி